ஒன்பதாவது சாண்

போத்தி துறைமுகத்தில் இறங்கும்போதே
அந்தக் காருக்கு ஒரு முன்ஜென்மம் இருந்தது.
எங்கோ ஓர் அமெரிக்க நெடுஞ்சாலையில்
நொறுங்கி, ஏலம் போய், கப்பலேறி,
தட்டி நிமிர்த்தி வெள்ளை பூசப்பட்டு
குத்தைசி நகரத்து லாம்சிராவிடம் வந்து சேர்ந்தது.
விடியுமுன் பாலாடைக்கட்டி ரொட்டி ஏற்றி
எட்டுக் கடைகளுக்குப் போடுகிறவள் அவள்.

கோச்சாவின் பட்டறையில்
சாவியைத் திருப்பியதும் அவன் முகம் சுருங்கிற்று.
"ஒரு சிவப்பு விளக்கு எரிந்து அணைய வேண்டுமே,
ஏன் எரியவே இல்லை?"
ஸ்டியரிங்கின் நடுமூடியை நெம்பினான்.
உள்ளே ஏர்பேக் இல்லை.
ஏதோ ஒரு விடுதியின் துவாலை,
நாலாய் மடித்து, பசைநாடா சுற்றி.
ஓரத்தில் நீல நூலில் விடுதியின் பெயர்,
பாதி மட்டும்.

ஏழு மாதம்
ஒரு துவாலையை நம்பி ஓட்டியிருக்கிறாள்.
சிரித்தாள். பிறகு
உட்கார ஒரு நாற்காலி கேட்டாள்.

அசல் பை வர ஆறு வாரம்.
ரொட்டிக் காசில் மூன்று தவணை.
பொருத்தினான். விளக்கு எரிந்தது, அணைந்தது.
"எப்போதும் உட்காருகிற மாதிரி உட்கார்."
உட்கார்ந்தாள்.
லாம்சிரா குள்ளம்.
பெடலும் எட்ட வேண்டும், பாதையும் தெரிய வேண்டும் என்று
மாவுப் பாத்திரத்தை அணைக்கிற மாதிரி
ஸ்டியரிங்கை மார்போடு அணைத்திருந்தாள்.
இடையில் நாலு விரல் நுழையாது.

"துவாலைக்கு இது போதும்," என்றான் கோச்சா,
"இதற்குப் போதாது."

இமை மூடுமுன் வந்துவிடுகிற பை.
முதலில் அது குத்து,
அப்புறம்தான் தலையணை.
தன் புருவத்தைக் காட்டினான்:
ஒற்றைக் கையை ஸ்டியரிங் உச்சியில் போட்டபடி
ஜெஸ்தாபோனி வளைவில் மோதிய அன்று
பை வீசியெறிந்த அவன் கையே
அவனை அறைந்த தழும்பு.
கைக்கடிகாரத்தின் வட்டம் இன்னும் தெரிகிறது.
மணிதான் தெரியாது.

எண்சாண் உடம்பு என்கிறோம்.
அளந்தவர் யாரும்
ஒன்பதாவது சாணைச் சொல்லவில்லை.
நெஞ்செலும்புக்கும் ஸ்டியரிங்குக்கும் நடுவே
உடம்புக்கு வெளியே கிடக்கிற
உடம்பு அது.
அவள் சின்னக் கைக்கு ஒரு சாண்,
மேலே மூன்று விரல்.

இருக்கையைப் பின்னே தள்ளி, கொஞ்சம் உயர்த்தி,
முதுகைச் சற்றே சாய்த்து,
முகத்தைப் பார்த்திருந்த ஸ்டியரிங்கை
மார்பைப் பார்க்கும்படி இறக்கினான்.
அக்குளுக்குக் கீழே செருகியிருந்த பெல்ட்டை
அவளே எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள்.
பெடல் எட்டியது, எப்படியோ.

ஒன்றும் இல்லாத நாளில் ஒட்டிக்கொண்டிருந்தவள்
காப்பான் வந்தபிறகு
தள்ளி உட்காரப் படித்தாள்.

புறப்படும்போதுதான் அவன் பார்த்தான்.
ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கையில்
பின்னோக்கிக் கட்டிய குழந்தை இருக்கை.
நுத்சா, ஐந்து மாதம்,
அம்மா பார்க்கட்டும் என்று
முகத்தைக் காட்டித் தூங்குகிறாள்.
அவள் தலைக்குப் பின்னே ஒரு சாண்கூட இல்லை,
டாஷ்போர்டு.

"அந்தப் பக்கம்..." என்று தொடங்கி
கோச்சா துணியில் கை துடைத்தான்,
துடைத்த கையை மறுபடி துடைத்தான்.
"அந்த மூடியையும் அன்றே திறந்து பார்த்தேன்.
அங்கே துவாலை இல்லை.
அந்தப் பை முதலிலிருந்தே அசல்."

இந்தத் தடவை அவள் சிரிக்கவில்லை.
நாற்காலியும் கேட்கவில்லை.
கொக்கிகளைக் கழற்றுகிற சத்தம் மட்டும்.

இப்போது நுத்சா பின்னிருக்கையில்.
முன்னால் அந்த இடத்தில்
ஒரு கம்பளித் தொப்பி.
ரியோனிப் பாலத்தருகே, பனிமூட்டத்தில்,
சிக்னலுக்கு நிற்கும்போது
லாம்சிரா கட்டைவிரலை நெஞ்சில் ஊன்றி
கையை விரித்துப் பார்க்கிறாள்.
சுண்டுவிரல் எதையும் தொடவில்லை.

பின்னால் ஒரு தும்மல்.
திரும்பாமல், கொஞ்சம் உரக்க,
"இருக்கேன்" என்கிறாள்.